பூக்கடையில் இ-பேப்பர் விலைப்பலகை: ஒன்றரை வருடத்துக்கு அப்புறம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவுக்குக் கடை. மல்லிக்கு விடியற்காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு வேறொரு விலை. ஓயாமல் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் சிலேட்டில் சாக்பீஸ் நிற்காது. அதனால் 4.2 அங்குல இ-பேப்பர் திரை (கரண்ட் போனாலும் எழுதியது அப்படியே நிற்கும் திரை) ஒன்றை, வைஃபை உள்ள ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டில் இணைத்து மாட்டிக் கொடுத்தேன். மாமா போனில் விலையைப் போடுவார். போர்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, கடை வைஃபையில் அதை எடுத்து எழுதிவிட்டுத் தூங்கிவிடும்.

முதலில் வாங்கியது சிவப்பும் சேர்ந்த மூவண்ணத் திரை. ஆசைதான் காரணம். ஒருமுறை மாற்ற 15 விநாடிக்கு மேல் பளிச் பளிச்சென்று மின்னும். "என்ன மாப்ள, கண்ணடிச்சுக்கிட்டே இருக்கு?" என்றார் மாமா. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் சிவப்பு வெளிறியது. அப்புறம்தான் திரையின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளைப் பார்த்தேன்: 40 டிகிரி வரைதான். மதுரைக்கு அது எந்த மூலைக்கு?

அதே அளவில் கறுப்பு வெள்ளைத் திரைக்கு மாறினேன். இங்கேதான் இ-பேப்பர் திரைகளை ஓட்டுகிற ஜிஎக்ஸ்இபிடி2 லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பு) அருமை தெரிந்தது. ஒவ்வொரு திரை வகைக்கும் அதில் தனி கிளாஸ் (நிரல் பகுதி). எழுதுவதும் கோடு போடுவதும் அடாஃப்ரூட் ஜிஎஃப்எக்ஸ் என்ற பொதுவான வரைகலை லைப்ரரியிலிருந்து மரபாக வருகின்றன. திரை ஆப்ஜெக்டை அறிவிக்கிற வரியை மாற்றி, சிவப்பு என்றிருந்த இடங்களைக் கறுப்பாக்கினேன். மற்ற 300 வரியில் கை வைக்கவே இல்லை. விலை இருக்கும் கட்டத்தை மட்டும் புதுப்பித்தால் ஒரு விநாடிகூட ஆகவில்லை. பழைய எண் நிழலாகத் தங்கும் என்பதால், பத்து மாற்றத்துக்கு ஒருமுறை முழுத் திரையையும் புதுப்பிக்கிறேன்.

தமிழ் எழுத்து வேறு தலைவலி. கொம்பையும் காலையும் அதனதன் இடத்தில் சேர்க்க இந்த லைப்ரரிக்குத் தெரியாது. மல்லி, பிச்சி, கனகாம்பரம் எல்லாவற்றையும் படமாகவே ஏற்றிவிட்டேன். எண்ணுக்கு மட்டும் ஃபாண்ட். ரேம் பற்றிக் கவலையில்லை: 400 பெருக்கல் 300 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட், மொத்தம் 15,000 பைட். 2 கேபி ரேம் மட்டுமே உள்ள ஆர்டுயினோ ஊனோ போர்டில் என்றால் திரையைத் துண்டு துண்டாகத்தான் வரைய வேண்டும்.

இரண்டு நாள் தின்றது 'பிஸி டைம்அவுட்' பிழை: திரை வேலையை முடித்ததாகச் சொல்லும் என்று காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வயர், பின் எண் எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால் திரையோடு வந்த அந்த வகை போர்டுக்கு, அதை மறுபடி தொடங்க வைக்கும் ரீசெட் துடிப்பு 2 மில்லிவிநாடிதான் இருக்க வேண்டுமாம். திரையைத் தொடங்கும் இனிட் வரியில் ஒரு எண்ணை மாற்றியதும் ஓடியது.

பெரிய வம்பு ஒரு முகூர்த்த நாளில் வந்தது. இரவே பேட்டரி தீர்ந்திருக்கிறது. கரண்ட் இல்லாமலும் படம் நிற்கும் என்று இதை வாங்கியவனே நான்தான்! மல்லி கிலோ 1,500-ஐத் தாண்டிய காலையில் பலகை முந்தின நாளின் 600-ஐக் காட்டிக்கொண்டு நின்றது. வந்தவர் "போட்ட விலைக்குக் கொடுங்கண்ணே" என்று நகரவில்லை. மாமா இரண்டு கிலோவை அந்த விலைக்கே கொடுத்தார், என்னைப் பார்த்துக்கொண்டே.

இப்போது மூலையில் தேதியும் நேரமும் உண்டு. மின்னழுத்தம் 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் விலையை அழித்து, 'கடையில் கேட்கவும்' என்று எழுதிவிட்டுத்தான் தூங்கும்.