டெமோ நாளில் ஓட்டக் கொடுத்தது ஒரு வண்டி, விற்க வைத்திருந்தது வேறு வண்டி

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிள் வாங்க நினைப்பவர்கள், முக்கியமாக உயரம் குறைந்தவர்கள், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். டெமோ நாள் என்று கூப்பிட்டு, உயரத்தைக் குறைத்து வைத்த வண்டியை ஓட்டக் கொடுத்தார்கள். "கம்பெனியிலிருந்து வர்ற உயரமே இதுதான்" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். அதை நம்பி நான் கட்டிய முன்பணம் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதைத் திரும்ப வாங்க நடுவர் மன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை. பல பிராண்டு வண்டிகளையும் இறக்குமதி செய்து விற்கும் தனியார் கடை அது. வண்டி மாடலையும் சொல்லப் போவதில்லை. வண்டியில் ஒரு குறையும் கிடையாது. அதை விற்ற விதத்தில்தான் இருக்கிறது அத்தனையும்.

என் உயரம் 155 சென்டிமீட்டர். மோட்டார்சைக்கிள் உரிமத்தின் முதல் படியான கிளாஸ் 2பி எடுத்து, சட்டப்படி ஒரு வருடம் ஓட்டிவிட்டு அடுத்த படியான 2ஏ பாஸ் செய்தவள். 400 சிசி வரை ஓட்டலாம். மாமியார் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில். அதனால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி மோட்டார்சைக்கிள் வரிசை எனக்கு நன்றாகப் பழக்கம். அந்த வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்: நாலடி நகர்வோம், நிற்போம், மறுபடி நாலடி. ஒவ்வொரு முறையும் கால் ஊன்ற வேண்டும். மழை பெய்தால் தரையில் பூசிய வெள்ளைக் கோடு வழுக்கும். நுனிக்காலில் 180 கிலோ வண்டியைத் தாங்கிக்கொண்டு, பின்னால் ஆளையும் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது விளையாட்டல்ல. என்னைப் போன்றவர்களுக்கு இருக்கை உயரம் பாதுகாப்பு விஷயம்.

அதனால்தான் டெமோ நாள் என்றதும் ஆசையாகப் போனேன். ஒரே இடத்தில் எல்லா வகை வண்டியையும் ஓட்டிப் பார்க்கிற வாய்ப்பு இங்கே அடிக்கடி அமையாது. தொழிற்பேட்டைக்குள் கடை வாசலில் கூடாரம் போட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் பேட்டையைச் சுற்றி ஒரு சுற்று.

முதலில் ஸ்போர்ட் வகை. இருக்கை 785 மில்லிமீட்டர்தான், கால் சுலபமாக எட்டியது. ஆனால் ஹேண்டில் தாழ்ந்திருப்பதால் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. பேட்டையில் வேகத்தடைகள் நிறைய. மூன்றாவதைத் தாண்டும்போதே கை வலித்தது. மூடி உறை இல்லாத நேக்கட் வகை நிமிர்ந்து உட்கார வைத்தது, திருப்பங்களில் சொன்ன பேச்சைக் கேட்டது, ஆனால் பின்னிருக்கை பேருக்குத்தான். மாக்சி ஸ்கூட்டர் எனப்படும் பெரிய ஸ்கூட்டரை நிறையப் பேர் குறைவாக நினைக்கிறார்கள். இருக்கைக்கு அடியில் ஒரு வாரத்து மளிகையே வைக்கலாம், கியர் மாற்றும் தொல்லை இல்லை. ஆனால் இருக்கை அகலமாக இருப்பதால் எண்ணில் 795 என்று போட்டிருந்தாலும் தொடை விரிந்து கால் எட்டாமல் போகிறது. கேட்டலாக்கில் உள்ள உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

தாழ்ந்த இருக்கையுள்ள குரூஸர் வகைப் பக்கம் போனபோதுதான் முதல் உறுத்தல். அங்கே நின்றது ஹோண்டா ரெபெல் 500. இருக்கை வெறும் 690 மில்லிமீட்டர். ஆனால் இன்ஜின் 471 சிசி, அதற்கு மேல்படியான கிளாஸ் 2 உரிமம் வேண்டும். என் உரிமம் 2ஏ என்று தெரிந்தும் விற்பனைத் தம்பி சாவியை நீட்டினார். "உள்ரோடுதானே அக்கா, ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, இங்க யாரு பாக்கப் போறா?" நான் வாங்கவில்லை. தகுந்த உரிமம் இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். தொழிற்பேட்டைச் சாலையும் பொதுச்சாலைதான். விபத்து என்று ஏதாவது ஆனால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும், மாட்டிக்கொள்வது ஓட்டியவர். டெமோ நாளில் யாராவது உங்களுக்கு அப்படிச் சாவி கொடுத்தால் அது உபகாரம் இல்லை.

கடைசியாக, நெடும்பயணத்துக்கான உயரமான அட்வெஞ்சர் வகை. தள்ளி நின்றே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வகை வண்டிகளின் இருக்கை சாதாரணமாக 830 மில்லிமீட்டருக்கு மேலே போகும், எனக்குச் சரிப்படாது என்று தெரியும். அந்தத் தம்பிதான் வற்புறுத்தினார். ஏறி உட்கார்ந்தால், இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் அழுத்தமாகப் பதிந்தன. நம்ப முடியவில்லை. ஓட்டிப் பார்த்தேன். நிமிர்ந்த உட்காரல், அகலமான ஹேண்டில், வேகத்தடையில் முதுகுக்கு அடியே தெரியவில்லை. பின்னால் உட்காருபவருக்கும் தாராளமான இடம். மலேசியப் பயணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்!

இறங்கியதும் நேராகக் கேட்டேன்: "தம்பி, இது ஒரிஜினல் உயரமா, இல்ல இறக்கி வச்சிருக்கீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே, "கம்பெனி செட்டிங்தான் அக்கா, ஒண்ணும் தொடல" என்றார். அன்று சாயந்திரம் வாட்ஸ்அப்பிலும் அதையே கேட்டேன். அதே பதில், எழுத்தில், கட்டைவிரல் படத்தோடு வந்தது. அதற்குப் பிறகுதான் முன்பணம் கட்டினேன்.

இங்கே வண்டி வாங்குவது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். வண்டி விலையோடு முடியாது. சிஓஇ (வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்), பதிவு, காப்புறுதி எல்லாம் சேர்த்து எனக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு 20,000 வெள்ளியைத் தாண்டியது. சிஓஇ ஏலத்தில் கடைக்காரர்தான் நம் சார்பில் கேட்பார். அதற்கு ஏல வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். நம் பெயரில் சிஓஇ விழுந்துவிட்டால் பின்வாங்குவது பெரிய நஷ்டம். அதனால் ஏலத்துக்கு முன்பே எனக்கு வரப்போகும் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "எதுக்குக்கா, எல்லாம் ஒரே வண்டிதான்" என்று இழுத்தடித்தார்கள். நான் விடவில்லை.

பெட்டியிலிருந்து இறக்கிய வண்டியில் ஏறினேன். பெருவிரல் நுனிதான் தரையைத் தொட்டது.

"புது வண்டி அப்படித்தான், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா ஸ்பிரிங் இறங்கிடும்" என்றார்கள். இந்தப் பொய்யைத் தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். புது ஷாக் கொஞ்சம் பழகும், உண்மைதான். அதற்காக மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்காது.

காக்கி புக்கிட் வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டெமோ நாளில் நான் எடுத்த படங்களையும் புது வண்டியின் படங்களையும் அவரிடம் காட்டினேன். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி அவர் காட்டியதை அப்படியே சொல்கிறேன், நீங்களும் பார்க்கப் பழகிக்கொள்ளலாம். டெமோ வண்டியில் ஹேண்டிலுக்குக் கீழே, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களும், அவற்றைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப்புக்கு மேலே ஒரு விரல் அளவு துருத்திக்கொண்டிருந்தன. புது வண்டியில் குழாயின் தலை கிளாம்ப்போடு சமமாக இருந்தது. முன்பக்கத்தை இறக்கக் குழாய்களை மேலே ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் ஷாக்கைச் சேர்க்கும் லிங்க் தகடு, வண்டியோடு வருவதைவிட நீளமானது. நீளமான லிங்க் போட்டால் பின்பகுதி இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக சைடு ஸ்டாண்ட். வண்டி தாழ்ந்தால் ஸ்டாண்ட் நீளம் அதிகமாகி வண்டி நேராக நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாயும். அதனால் ஸ்டாண்டை நடுவில் அறுத்து, துண்டெடுத்து, வெல்டு வைத்திருந்தார்கள். கறுப்புப் பெயின்ட் பூசியும் வெல்டு புடைப்பு, காய்ந்த காயத் தழும்பு போல, படத்தில் தெளிவாகத் தெரிந்தது.

உயரத்தைக் குறைப்பதையே நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ பேர் விரும்பிச் செய்கிறார்கள். அதற்கு விலை உண்டு: தரைக்கும் இன்ஜினுக்கும் உள்ள இடைவெளி குறையும், ஆளோடு போனால் கார்நிறுத்துமிட மேடுகளில் அடி தட்டலாம், வளைவில் வண்டி திரும்பும் குணமும் மாறும். இதையெல்லாம் வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். மறைத்துச் செய்துவிட்டு, நான் வாய்விட்டுக் கேட்டபோதும் மறுத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

படங்களைக் காட்டியதும் கதை மாறியது. "வேணும்னா உங்க வண்டியையும் இறக்கித் தர்றோம், 680 வெள்ளி ஆகும்." சஸ்பென்ஷனுக்கு வாரண்டி? "அது கிடையாது." வண்டியே வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். முன்பணம் திரும்பாது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். தேக்கா வட்டாரத்தில் கூடவே வளர்ந்த தம்பி மாதிரி அக்கா, அக்கா என்று பேசியவர் அன்றைக்குப் பிறகு என் அழைப்பையே எடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் அப்படி அச்சடித்திருப்பதாலேயே எல்லாம் முடிந்துவிடாது. பொய்யான தகவல் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற நடைமுறை. முதலில் கேஸ் (CASE) எனப்படும் பயனீட்டாளர் சங்கத்திடம் போனேன். அவர்கள் வழிகாட்டி, கடைக்கு எழுத வைத்தார்கள். கடையிலிருந்து பதில் இல்லை. பிறகு சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகப் பதிந்தேன். 20,000 வெள்ளி வரையான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு பேரும் சம்மதித்தால் 30,000. 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குத் தனிநபர் கட்டணம் 10 வெள்ளிதான். வக்கீல் வைக்க அனுமதியில்லை, அவர்களும் வைக்க முடியாது. நம் கையிலுள்ள ஆதாரம்தான் பேசும். வாட்ஸ்அப் பதிலும் ஃபோர்க், ஸ்டாண்ட் படங்களும் என் கையில் இருந்தன. முதல் கலந்தாலோசனையிலேயே கடை இறங்கிவந்து, 1,350 வெள்ளி தரச் சம்மதித்தது. 150 வெள்ளியை நிர்வாகச் செலவு என்று பிடித்துக்கொண்டார்கள். விசாரணை வரை போய் முழுசாக வாங்கியிருக்கலாம் என்று கணவர் இன்னும் சொல்கிறார். ஷிஃப்ட் வேலையில் லீவு போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

டெமோ நாளுக்குப் போகிறவர்கள் பையில் ஒரு அளவு டேப் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் சாய்த்து அளக்காதீர்கள். ஒருவரை வண்டியை நேராகப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து இருக்கையின் தாழ்ந்த இடம் வரை அளந்து, தயாரிப்பாளரின் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஃபோர்க்கின் தலை, சைடு ஸ்டாண்ட், பின் லிங்க் மூன்றையும் படமெடுங்கள். "மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டி" என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் ஒரு வெள்ளிகூட வைக்காதீர்கள். சிஓஇ ஏலத்துக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் உங்களுக்கு வரும் வண்டியிலேயே ஏறி உட்காருங்கள்.

அன்றைக்கு அந்தத் தாழ்ந்த அட்வெஞ்சர் வண்டியில் ஏற எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருவர் அங்கேயே முன்பணத்துக்கு கார்டை எடுத்ததையும் பார்த்தேன். நீங்கள் இதைப் படித்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். டெமோ வண்டியின் படங்கள் எல்லாம் என்னிடம் தேதியோடு இருக்கின்றன. கேட்டால் தருகிறேன். நடுவர் மன்றத்தில் பதிய இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.