அடைப்பு எடுக்க வந்து 14,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், உஷார்!

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் வழியாக ப்ளம்பரைக் கூப்பிடப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள். 14,500 ரூபாய் போயிற்று, பாத்ரூம் தரையும் போயிற்று.

சென்னையில் தரைத்தள வீடு எங்களுடையது. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீர் விட்டால் எங்கள் பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் ஜாலியில் கறுப்பாகக் கொப்பளித்துக்கொண்டு மேலே வந்தது. வழக்கமான ப்ளம்பர் ஊரில் இல்லை. ஆப்பில் 299 ரூபாய் விசிட்டிங் சார்ஜ் கட்டினோம்.

வந்த பையனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. செருப்பை வெளியே விட்டான். "அம்மா வழுக்கி விழுந்திடப் போறாங்க அக்கா, முதல்ல அவங்களை உட்கார வைங்க" என்றான். அந்த ஒரு பேச்சிலேயே அம்மா அவனுக்கு மோர் கலக்கப் போய்விட்டார். அப்புறம் பைப்புக்குள் கேமரா ஒயரை விட்டு, போனில் வீடியோ காட்டினான். விரிசல் விட்ட குழாய், உள்ளே கொத்துக் கொத்தாக வேர். "பைப் மாத்தாம வேலைக்கு ஆகாது அக்கா. ஆப்ல போட்டா இருபதைத் தாண்டும், என் நம்பருக்கே அனுப்பிடுங்க, ஆறு மாசம் வாரண்டி நான் தர்றேன்." டைல்ஸை உடைத்தான், மூன்றடி பைப் மாற்றினான், சிமெண்ட் பூசினான், 14,500 வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் மாடியில் மெஷின் ஓடியது. அதே கறுப்புத் தண்ணீர்!

அவன் வெட்டிப் போட்ட பழைய துண்டு கொல்லையில் கிடந்தது. சாம்பல் நிற பிவிசி, ஒரு கீறல் இல்லை. வீடியோவில் இருந்ததோ பழுப்பு நிற மண் குழாய். எந்த வீட்டு வேரையோ காட்டி எங்கள் தரையை உடைத்திருக்கிறான்.

போன் செய்தால், "மாடிக்காரங்க எதையாவது போட்டிருப்பாங்க." அதற்குப் பிறகு ஸ்விட்ச் ஆஃப். ஆப்பின் சாட்டில் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. கத்திய பிறகு ஒருத்தர் கூப்பிட்டார்: "சிஸ்டத்துல 299தான் காட்டுது மேடம், மீதி உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம்." 299க்கு வேண்டுமானால் கூப்பன் தருவார்களாம். எதற்கு, மிச்சத் தரையையும் உடைக்கவா? நான் போட்ட ஒற்றை ஸ்டார் ரிவ்யூ மாலைக்குள் காணாமல் போனது.

எதிர்வீட்டு மாமாதான் வந்து கேட் ஓரச் சேம்பர் மூடியை, அதாவது வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகும் வழியில் உள்ள தொட்டியின் மூடியை, நெம்பினார். விளிம்பு வரை நிரம்பி நின்றது. "வீட்டுக்குள்ள ஒண்ணுமில்லம்மா, அடைப்பு ரோட்டுல." குடிநீர் வாரியத்தின் 1916க்குப் புகார் சொன்னோம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்து தெரு மேன்ஹோலில் அடித்ததும் சேம்பர் மடமடவென்று இறங்கியது. வெளியே வந்தவை வெட் வைப்ஸ், நாப்கின், கட்டிதட்டிய எண்ணெய்க் கசடு. எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. 14,500 எதற்குக் கொடுத்தோம் சொல்லுங்கள்!

அடைப்பைப் பற்றி விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. சுருக்கமாக: சேம்பரைத் திறக்காமல் யாரையும் தரையில் கைவைக்க விடாதீர்கள். அது நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால். காலியாக இருந்தும் வீட்டில் தேங்கினால் அடைப்பு வீட்டுப் பக்கம். ஒரு சிங்க் மட்டும் தேங்கினால் அதன் கீழ் வளைவைக் கழற்றிப் பாருங்கள், எண்ணெயும் சோறும்தான் இருக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கொட்டவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கேமரா காட்டினால் ஒயரை ஆட்டச் சொல்லுங்கள், படமும் ஆடுகிறதா பாருங்கள். ஆப்புக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். 2020 மின்வணிக விதிப்படி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று ஆப்காரர்களுக்கும் மெயில் போயிருக்கிறது. 14,500 வராவிட்டால் அடுத்தது நுகர்வோர் ஆணையம்தான். பழைய பைப் துண்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.