பிளேட்டுக்குப் போகும் முன்: மட்டக்களப்பு அச்சகத்தில் சேர்வர் தானியக்கம், நீண்டகாலப் பயன்பாட்டில்

கல்வெட்டு (இறந்தவர் நினைவாக வெளியிடும் சிறுநூல்) வேலைக்குத் தவணை கேட்க முடியாது. 31ஆம் நாள் காலையில் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும். கொழும்பில் பிளேட் (அச்சுத் தகடு) எடுத்து இரவு பஸ்ஸில் வரவழைக்கும் அச்சகத்துக்கு, ஒரு பிளேட் பிழையானால் ஒரு நாள் போய்விடும். என்ஃபோகஸ் சுவிட்ச், பிட்ஸ்டொப் சேர்வர் போன்ற மென்பொருளை எங்கள் பக்கத்தில் வாங்க இந்தக் காரணம் ஒன்றே போதும். வேகம் இரண்டாம் பட்சம். பிழையான பீ.டீ.எப். வாசலிலேயே நிற்கிறது என்பதுதான் நெடுநாள் ஓட்டத்தில் கண்ட உண்மையான பலன்.

இரண்டின் வேலையும் வேறு. பிட்ஸ்டொப் சேர்வர் பீ.டீ.எப்.ஐப் பரிசோதித்து, சொன்னதைத் திருத்தும். சுவிட்ச் கோப்பை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைப் பார்த்துப் பிரித்து, அடுத்த இடத்தில் சேர்க்கும். பிட்ஸ்டொப் சேர்வர் தனியாகவே ஹொட் போல்டர் (கோப்பு விழுந்ததும் மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும் போல்டர்) வைத்து ஓடும் என்பதால் முதலில் அதை மட்டும் எடுப்பது நல்லது. பரிசோதனை விதிகள் நிலைபெற்ற பிறகுதான் சுவிட்ச் தேவைப்படும்.

விதி எழுதும்போது எல்லாவற்றையும் பரிசோதிக்க விடுங்கள், ஆனால் தானாகத் திருத்த மூன்றை மட்டும் விடுங்கள். ஓவர்பிரிண்ட் (கீழுள்ள நிறத்தை அகற்றாமல் அதன் மேலேயே அச்சிடுவது) ஆகக் கிடக்கும் வெள்ளைப் பொருளை நொக்-அவுட் (கீழுள்ள நிறத்தை அந்த இடத்தில் அகற்றுவது) ஆக்குவது ஒன்று. கோரல் டிரோவிலிருந்து வரும் கோப்புகளில் திரையில் தெரிந்த வெள்ளை எழுத்து அச்சில் காணாமல் போவது இதனால்தான். வேர்டிலிருந்து வரும் ஆர்.ஜீ.பி. (திரைக்கான நிற முறை) கறுப்பு எழுத்து அப்படியே விட்டால் நான்கு மையிலும் விழும்; அதை 100% கறுப்பு மை மட்டுமாக மாற்றுவது இரண்டாவது. மூன்றாவது, அந்தக் கறுப்பு எழுத்தை ஓவர்பிரிண்ட் ஆக்குவது. ஒற்றை வர்ண ஓஃப்செட் அச்சு இயந்திரமான ஜீ.டீ.ஓ. 52இல் நான்கு வர்ணத்தை நான்கு முறை ஓட்டும்போது, நான்கு மையில் விழுந்த சிறிய எழுத்து ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. ண, ஞ போன்றவற்றின் சுழி அடைந்துபோகும்.

இதில் ஒரு பொறி உண்டு. வாடிக்கையாளர் எழுத்தை ‘கேர்வ்’ ஆக்கி அனுப்பியிருந்தால் மென்பொருளுக்கு அது எழுத்தே அல்ல, வெறும் வடிவம். எழுத்துக்கான விதி அதைத் தொடாது. அதற்காக விதியை எல்லாக் கறுப்பு வடிவங்களுக்கும் விரித்தால், படத்தின் மேல் வைத்த கறுப்புப் பட்டைக்குள் கீழே உள்ள படம் தெரியத் தொடங்கும். கேர்வ் ஆன கோப்பைத் தனிப் போல்டருக்கு அனுப்பி ஆள் பார்ப்பதே வழி.

பிளீட் (வெட்டுக் கோட்டுக்கு வெளியேயும் நீளும் அச்சு ஓரம்) இல்லாவிட்டால் ஓரத்தைப் பிரதிபலித்து 3 மி.மீ. தானாகச் சேர்க்கும் வசதியும் இருக்கிறது. அதை நிறுத்தி வையுங்கள். கோயில் விஞ்ஞாபனங்களில் பெரும்பாலும் விளிம்பில் கரை இருக்கும்; வெட்டு சற்றே விலகினாலும் இரட்டைக் கரை வந்து நிற்கும். மொத்த மை அளவையும் (ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களின் கூட்டுத்தொகை) தானாகக் குறைக்க விடாதீர்கள். ஆர்ட் பேப்பருக்கு 320%, பூச்சில்லாத தாளுக்கு 300% என்று எல்லை வைத்து எச்சரிக்கை மட்டும் கேளுங்கள். முகங்களின் நிறத்தை ஒரு ஆள் பார்த்தே குறைக்க வேண்டும்.

படங்கள் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 பிக்ஸல். அதை ஏ5 அட்டை முழுவதும் பிளீட்டோடு விரித்தால் 190 டி.பி.ஐ.ஐத் தாண்டாது. ஆகவே 200க்குக் கீழே எச்சரிக்கை, 150க்குக் கீழே நிறுத்தம் என்று வைத்தால் வேலை ஓடும். 300ஐக் கட்டாயமாக்கினால் எதுவும் வாசலைத் தாண்டாது. படத்தை ‘டொகியூமன்ட்’ ஆக அனுப்பச் சொல்வது எந்த மென்பொருளையும் விடப் பயன் தரும்.

தமிழ் எழுத்துருவில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு யூனிகோட் அல்ல; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது. கோப்புக்குள் அதைப் பதிக்காமல் விட்டால் ‘அம்மா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வரும். பதிக்காத எழுத்துரு இருந்தால் எச்சரிக்கையோடு விடக்கூடாது, கோப்பையே நிறுத்த வேண்டும். யூனிகோடில் வேறொரு ஆபத்து. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கொம்போசரை (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் தெரிவு) தெரிவு செய்யாமல் பக்கம் செய்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். எழுத்துரு பதிந்திருக்கும், வர்ணம் சரியாக இருக்கும், பரிசோதனை அறிக்கையில் எல்லாம் பச்சை. எந்தச் சேர்வரும் இதைப் பிடிக்காது. அதனால் தமிழ் வேலை ஒவ்வொன்றுக்கும் புளோவில் (சுவிட்சில் கோப்பு செல்லும் பாதை) ஒரு செக்பொயின்ட் வைத்து, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் பார்த்த பின்பே விடுவிக்க வேண்டும். அம்பாறைப் பக்கத்து மும்மொழி வேலைகளில் சிங்களத்துக்கும் இதே கவனம் தேவை.

பாரம் அடுக்குவதில் (ஒரே தாளில் பல பக்கங்களை வரிசைப்படுத்துவதில்), ஜீ.டீ.ஓ.வின் 36 × 52 செ.மீ. தாளில் ஏ5 பக்கம் ஒரு புறத்துக்கு நான்கு, இரு புறமும் எட்டு. 28 பக்கக் கல்வெட்டு என்றால் மூன்று எட்டும் ஒரு நாலும். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் வெற்றுப் பக்கத்தைத் தானாகச் சேர்க்க விடாமல் நிறுத்துங்கள். வெற்றுப் பக்கம் எங்கே வர வேண்டும் என்பது குடும்பத்தார் சொல்ல வேண்டிய விடயம். காத்தான்குடி, கல்முனை மத்ரசாக்களின் அரபு நூல்கள் வலப்பக்கக் கட்டு. அவற்றுக்குத் தனிக் கிளை இல்லாவிட்டால் முழுப் பாரமும் தலைகீழ் வரிசையில் போகும். கோப்புப் பெயரில் வேலை எண், அளவு, பிரதி, கட்டு ஆகியவற்றை ஆங்கில எழுத்தில் வைத்தால் கிளை பிரிப்பது இலகு. சில ரிப்கள் (பக்கத்தைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்) தமிழ்ப் பெயரில் தடுமாறும்.

நிறுவியவுடன் அதிகம் தலையிடி தருவது அரைகுறைக் கோப்பு. பென் டிரைவிலிருந்து நேரே ஹொட் போல்டருக்குப் பிரதி செய்தால், முடியும் முன்பே சேர்வர் எடுத்துவிடக்கூடும். முதலில் அதே டிஸ்க்கில் வேறு போல்டரில் பிரதி செய்து, பிறகு ‘மூவ்’ செய்யுங்கள். அடுத்தது நெட்வேர்க் டிரைவ். மென்பொருள் சேர்விஸ் ஆக ஓடும்போது நீங்கள் Z: போன்ற எழுத்துக் கொடுத்து இணைத்த டிரைவை அது காணாது. கணினிப் பெயரோடு முழுப் பாதையைக் கொடுத்து, அந்தப் போல்டருக்கு அனுமதியுள்ள கணக்கில் சேர்விஸை ஓட்ட வேண்டும். மின்வெட்டுக்கு யூ.பி.எஸ். சேர்வருக்கு மட்டும் போதாது, நெட்வேர்க் சுவிட்ச் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் வேண்டும்.

நாளுக்குப் பத்துக் கோப்புக்கும் குறைவாக வரும் அச்சகத்துக்கு இந்தச் செலவு பொருந்தாது. அக்ரபட் புரோவிலேயே பிரீஃபிளைட் (அச்சுக்கு முந்திய பரிசோதனை) விதியை டிரொப்லெட் ஆக்கி, கோப்பை அதன் மேல் இழுத்து விட்டால் பரிசோதனையில் பெரும்பகுதி முடிந்துவிடும். மாமாங்கம் ஆடி அமாவாசைக்கு முன்னரான வாரங்கள்போல வேலை குவியும் காலத்தில் நிறுவத் தொடங்க வேண்டாம். பழைய முறையையும் புதியதையும் சில வாரங்கள் பக்கம் பக்கமாக ஓட்டி, இரண்டின் முடிவையும் ஒப்பிட்ட பிறகே பிளேட்டுக்கான போல்டரை இணையுங்கள். விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் புளோவை எக்ஸ்போர்ட் செய்து, திகதியோடு வேறு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.