கீருனா சுரங்கச் சுற்றுலா: பிள்ளைகளைப் பார்க்க வடக்கே போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க நோர்வேக்கோ சுவீடனுக்கோ போகிற எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை எழுதுகிறேன். கடை, கோயில், சொந்தக்காரர் வீடு எல்லாம் போய் வாருங்கள். மகளோ மகனோ வடக்குப் பக்கம் இருந்தால், வட சுவீடனில் உள்ள கீருனா இரும்புச் சுரங்கத்துக்கும் ஒரு நாளை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கிளிநொச்சியில் லேத் பட்டறை வைத்திருந்தவன். அதற்கு முன்னர், இளம் வயதில், பரந்தன் கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில் பராமரிப்புப் பகுதியில் வேலை பழகினேன். தொழில் தெரிந்த ஆளே தொழிலை விளங்கப்படுத்துகிற சுற்றுலாவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் மருமகனின் சித்தப்பா, 1980களில் வட நோர்வே மீன் தொழிற்சாலைகளுக்கு எங்கடை பெடியள் வேலைக்குப் போன காலத்தில் போனவர். அந்த வழியில்தான் மகள் குடும்பம் இன்று நார்விக்கில் இருக்கிறது. அங்கிருந்து கீருனாவுக்கு ரெயினில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். இடையில் சுவீடன் எல்லை வந்துவிடும்.

இரும்பில் ஆசை உள்ளவருக்கு அந்தப் பாதையே பாதிச் சுற்றுலா. தாது ஏற்றிய ரெயின்கள் எதிரே வந்துகொண்டே இருக்கும். 68 பெட்டி, பெட்டிக்கு 100 தொன். மொத்த நீளம் முக்கால் கிலோமீற்றர். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒதுங்கு பாதையில் எங்கள் ரெயின் நிற்கும், அது கடந்து போகும். மலையிலிருந்து கடலுக்கு இறங்கும்போது அந்தப் பாரமே மோட்டரைச் சுற்றி மின்சாரமாக்கிக் கம்பிக்குள் திருப்பி அனுப்புகிறது. வெறும் பெட்டிகளை எல்லை வரை திரும்ப ஏற்றிவிட அந்த மின்சாரம் போதும் என்கிறார்கள். மருமகன் இதைச் சொன்ன பிறகு ஒவ்வொரு ரெயினையும் எழும்பி நின்று பார்த்தேன். 1903இல் திறந்த பாதை இது. சுவீடன் பக்கக் கடல் பனிக்காலத்தில் உறைந்துபோகும், நார்விக் துறைமுகம் உறையாது. அதனால்தான் இவ்வளவு மலையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள்.

கீருனா ஆர்க்டிக் வட்டத்துக்கும் ஏறக்குறைய 145 கிலோமீற்றர் வடக்கே உள்ள ஊர். சுரங்கம் எல்.கே.ஏ.பி. என்ற அரச கம்பனியுடையது. அந்தக் கம்பனி 1890இல் தொடங்கியது. நகரத்தில் பஸ்சில் ஏற்றினால், இறங்காமல் அதே பஸ்ஸிலேயே நிலத்துக்குள் போகலாம். உள்ளே தெரு இருக்கிறது, சந்தி இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. எல்லாம் சேர்த்து 400 கிலோமீற்றருக்கு மேல் தெரு. பார்வையாளர் மண்டபம் 540 மீற்றர் ஆழத்தில். இன்று வேலை நடக்கும் பிரதான தளம் அதற்கும் கீழே, 1365 மீற்றரில். அங்கே எங்களை விடமாட்டார்கள். ஆளில்லா ரெயின்கள் அங்கே தாதுவை நொறுக்கும் மெசினுக்குக் கொண்டுபோகின்றன.

வழிகாட்டி ஒரு பெண். முன்பு அதே சுரங்கத்தில் லோடர் ஓட்டினவ. ஆங்கிலத்தில் சொன்னவ, பேத்திதான் எனக்குத் தமிழில் சொன்னாள். நான் ஒவ்வொரு மெசினுக்கும் பக்கத்தில் நின்று தடவிப் பார்க்கிறதை அவ கவனித்திருக்கிறா.

"அம்மப்பா, நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேக்கிறா."

லேத் என்று சொல்லச் சொன்னேன். மற்ற ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, அவ என்னைக் கூட்டிப்போய்த் தேய்ந்துபோன ஒரு துளைகருவித் தலையைக் கையில் தந்தா. நல்ல பாரம். அதன் முகத்தில் மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைட் பொத்தான்கள் வரிசையாகப் பதித்திருந்தன. நடுவில் இருந்தவை இன்னும் உருண்டையாகவே இருந்தன, ஓர வரிசை தட்டையாகிப்போயிருந்தது. துளையின் சுவரோடு உரசுவது அந்த வரிசைதான், அதனால் முதலில் தேய்வதும் அதுதான். நான் அந்த வரிசையை விரலால் தொட்டுக் காட்ட, அவ தலையை ஆட்டினா. அதற்குப் பேத்தியின் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

தாது எடுக்கும் முறையையும் அவ ஒரு மாதிரி வடிவத்தை வைத்துப் பொறுமையாகச் சொன்னா. தாதுப் பாளம் 4 கிலோமீற்றர் நீளம், சராசரி 80 மீற்றர் தடிப்பு, சரிவாக ஏறக்குறைய 2 கிலோமீற்றர் ஆழம் வரை இறங்குகிறது. அதற்குள் தட்டுத் தட்டாகச் சுரங்கவழி வெட்டி, அங்கிருந்து மேல்நோக்கி விசிறி வடிவில் துளைபோட்டு, வெடிமருந்து அடைத்து வெடிக்க வைக்கிறார்கள். தாது தன் பாரத்தில் கீழே விழும், லோடர் அள்ளும். விழுந்த இடத்தை எதுவும் தாங்கிப் பிடிக்காது. மேலே இருக்கிற கல்லும் பின்னாலேயே இறங்கி வெற்றிடத்தை நிரப்பும்.

மேலே வந்த தாதுவைப் பொடியாக்கி, காந்தத்தால் பிரித்து, பென்டனைட் களி சேர்த்து உருட்டிச் சுடுகிறார்கள். சுண்டங்காய் அளவு உருண்டை, கிட்டத்தட்ட 1250 பாகை வெப்பம். மக்னடைற் என்ற இந்தத் தாது, சூட்டில் ஒட்சிசனை எடுத்து ஹெமடைற் என்ற வேறொரு இரும்பு ஒட்சைட்டாக மாறும்போது தானே வெப்பம் விடும் என்பதால் எரிபொருள் மிச்சம். உருண்டையைக் கையில் எடுத்தால் சாம்பல் நிறத் தூசி விரலில் ஒட்டும்.

இதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்குப் பரந்தன் ஞாபகம் வந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் விட்டு, ஒரு பக்கம் கோஸ்ரிக் சோடாவும் மறுபக்கம் குளோரினும் எடுத்த இடம் அது. அங்கே வேலை செய்தவர்களில் பலர் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள், அவர்களும் இப்படி விளங்கப்படுத்தலாம். இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கிற நாளில் சனம் அள்ளுண்டு போய்ப் படம் எடுக்கிறது. அந்தக் கதவு எந்த நீர்மட்டத்தில், யார் முடிவெடுத்து, எப்படித் தூக்கப்படுகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓய்வுபெற்ற ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் போதும். கோடிக் காசு தேவையில்லை. எங்கள் ஊரிலும் இப்படித் தொடங்கும்படி நான் மனப்பூர்வமாக வேண்டிக் கேட்கிறேன்.

சுற்றுலாவில் எனக்குக் கனத்த பகுதி நகரத்தை நகர்த்துவது பற்றியது. தாதுப் பாளம் நகரத்தின் பக்கமாகச் சரிந்து இறங்குவதால், ஆழம் போகப் போக நகரத்தின் நிலம் வெடிக்கிறது. இதை 2004இலேயே சனத்துக்குச் சொல்லிவிட்டார்கள். புதிய நகர மையம் 3 கிலோமீற்றர் கிழக்கே கட்டி 2022இல் திறந்தார்கள். 1912இல் கட்டி முடித்த மரத் தேவாலயத்தை, 672 தொன் பாரத்தோடு, பிரிக்காமல் அப்படியே சில்லு வைத்த வண்டியில் ஏற்றி 2025 ஆகஸ்டில் இரண்டு நாளில் 5 கிலோமீற்றர் கொண்டுபோனார்கள். நாங்கள் போனது அதற்கடுத்த மாதம். புதிய இடத்தில் அது நிற்பதை வெளியிலிருந்து பார்த்தோம்.

2008இல் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்ட சனம் நாங்கள். ஆகவே நான் பேத்தியைக் கேட்கச் சொன்னது ஒன்றுதான்: வீட்டுக்காரருக்கு என்ன கொடுத்தார்கள்? சந்தை விலையும் அதற்கு மேல் நூற்றுக்கு 25 வீதமும், அல்லது புதிய வீடு என்றா. தன் தாயாரின் குடியிருப்பும் இடிக்கப்பட்டதைச் சொன்னா. காசில் குறை இல்லை, ஆனால் அடுக்களை யன்னலால் தெரிந்த மலை புது வீட்டில் தெரிவதில்லை என்று தாயார் இன்னும் சொல்லுகிறாவாம். இருபது வருடம் முன்கூட்டிச் சொல்லி, விலை கொடுத்து, வண்டி பிடித்துக் கொண்டுபோன இடப்பெயர்விலும் அந்தக் குறை மிஞ்சுகிறது. பக்கத்தில் 2023இல் அறிவித்த அரிய மண் தனிமத் தாதுவையும் தோண்டினால், அந்தப் பகுதிப் பழங்குடிகளான சாமி மக்களின் கலைமான் மந்தைகள் போகும் வழி வெட்டுப்படும். அதை அந்த மக்களின் வாயாலேயே கேட்கவேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. கீருனாவில் இரவு தங்குவதாயிருந்தால் கூட வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இரவு ஒன்றரை மணியளவில் சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள். சத்தம் பெரிதாகக் கேட்காது, கட்டிலில் ஓர் அதிர்வு வரும். வழிகாட்டி சொல்லியிருந்ததால் நான் மனைவிக்குச் சொல்லித்தான் படுத்தேன். அப்படியிருந்தும் அதிர்வு வந்தவுடன் அவ எழும்பி உட்கார்ந்து பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. முள்ளிவாய்க்கால் வரை போய் வந்தவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. தாங்காது என்று நினைத்தால் காலையில் போய் மாலை ரெயினில் திரும்பிவிடுங்கள். ரெயின் நேரத்தையும் சுற்றுலா நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பதியச் சொல்லுங்கள்.

விண்வெளிப் பக்கமும் அங்கே இருக்கிறது. 1957இலிருந்து வானொளியை (வடக்கே இரவு வானில் தோன்றும் ஒளியை) ஆராயும் நிலையம், 1966இலிருந்து ரொக்கெற் ஏவும் எஸ்ரேஞ் தளம். மேலே போய் விழும் ரொக்கெற்றின் கருவிப் பகுதியைப் பரசூட்டில் இறக்கி ஹெலிகொப்டரில் போய் எடுப்பார்கள். நான் உள்ளே போகவில்லை, ஆகவே மதிப்புச் சொல்ல வரமாட்டேன். வானொளி பார்க்க ஒரு தனியார் பஸ்சில் போனோம். ஒளி வந்தது, பச்சையாக, அருமையாக இருந்தது. கூட வந்தவர் அது ஏன் வருகிறது என்று ஒரு வசனம் சொல்லவில்லை. கொடுத்த காசுக்கு அது காணாது.

சுரங்கச் சுற்றுலாவின் காசை எங்கள் ரூபாயில் பெருக்கினால் பெரிய தொகைதான். அதற்குத் தகுந்தது என்பது என் முடிவு. ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் போகும், நிறைய நடக்கவும் நிற்கவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் பதியும்போதே கேளுங்கள். தடித்த சப்பாத்தும் ஒரு சுவெற்றரும் வேண்டும், ஹெல்மெற் அவர்களே தருவார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் வைத்திருங்கள், கேள்விகளை எல்லாம் கேட்பியுங்கள். நார்விக்கிலிருந்து போகும்போது இடப்பக்க இருக்கை எடுங்கள். முதலில் கடல்நீர் உள்ளே வந்த பள்ளத்தாக்கும், பிறகு தூர்னத்ரெஸ்க் ஏரியும் அந்தப் பக்கம்தான்.