மீ.சி.ம கணக்குக்கு ஏணியா, பகா காரணியா, இல்ல மனக்கணக்கே போதுமா?

தண்டையார்பேட்டைல வீட்டு மாடில டியூஷன் எடுக்குறேன், ஆறாங்கிளாஸ் பசங்களும் வருவாங்க டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிற அக்காங்களும் வருவாங்க, மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு, அதாவது எல்லா நம்பராலயும் வகுபடுற ரொம்ப சின்ன நம்பர்) கண்டுபிடிக்க எந்த முறை ஈஸின்னு ரெண்டு கோஷ்டிக்கும் சண்டை வந்துடும். கணக்கு இதான்: மிண்ட்ல காலைல 6 மணிக்கு மூணு ரூட் பஸ்ஸும் ஒண்ணா கிளம்புது, அப்புறம் ஒரு ரூட்டுக்கு 12 நிமிஷத்துக்கு ஒண்ணு, இன்னொண்ணுக்கு 15, மூணாவதுக்கு 18. மறுபடி எப்ப ஒண்ணா கிளம்பும்? (கணக்குல மட்டும்தான் பஸ் கரெக்ட் டைமுக்கு வரும், விடுங்க.)

அக்காங்க ஏணி மாதிரி வகுப்பாங்க. 3-ஆல வகுத்தா 4, 5, 6. அடுத்து 2-ஆல வகுத்தா 2, 5, 3, அந்த 5 வகுபடலன்னா அப்படியே கீழ இறக்கிடணும். இங்கதான் பாதி பேர் "மூணுமே வகுபடணும்ல"ன்னு பேனாவ வச்சுடுறாங்க, அது மீ.பெ.வ-க்கு (எல்லா நம்பரையும் வகுக்குற ரொம்ப பெரிய நம்பர்), இதுக்கு ரெண்டு வகுபட்டாலே தொடரணும். வகுத்த 3, 2-ஐயும் கடைசி வரில நிக்குற 2, 5, 3-ஐயும் பெருக்கினா 3×2×2×5×3 = 180 நிமிஷம், அப்ப காலைல 9 மணி.

பகா காரணில 12 = 2×2×3, 15 = 3×5, 18 = 2×3×3. ஒவ்வொரு காரணியும் எதுல அதிகமா வருதோ அத்தனை எடுத்தா ரெண்டு 2, ரெண்டு 3, ஒரு 5. ஏன் 180னு இதுல பளிச்சுனு தெரியும், ஆனா பெரிய நம்பர் வந்தா எழுதி மாளாது.

பெருக்கி மீ.பெ.வ-ஆல வகுக்குறது ரெண்டே நம்பருக்கு சூப்பர். 48, 60-க்கு மீ.பெ.வ 12, 48-அ 12-ஆல வகுத்தா 4, 4×60 = 240, முடிஞ்சுது. அதையே மூணு நம்பருக்குப் போட்டீங்கன்னா காலி: 12×15×18 = 3240, அத மூணோட மீ.பெ.வ 3-ஆல வகுத்து 1080னு எழுதிட்டு வருவாங்க, அப்ப 9 மணிக்கு வர்ற பஸ்ஸு ராத்திரி 12-க்குப் போயிடும்.

என் ஓட்டு மனக்கணக்குக்கு. பெரிய நம்பர் 18-ல இருந்து தாவணும், 36, 54, 72, 90. 90-ல 15 போகுது, 12 போகல, இனிமே 18-ஆ தாவ வேணாம் 90-ஆ தாவு, 180, அதுல 12-உம் போகுது. பேப்பரே வேணாம். எக்ஸாம்ல ஸ்டெப்ஸ் கேட்டா மட்டும் ஏணி.

எந்த முறைக்கும் சிக்காத ஒண்ணு இருக்கு. தண்ணி லாரி ஒண்ணு 4 நாளுக்கு ஒருக்கா, இன்னொண்ணு 6 நாளுக்கு ஒருக்கா வருதுன்னா 12 நாள்ல சேரும்னு எல்லாரும் கத்துவாங்க. முதல் நாள் ரெண்டும் சேர்ந்து வந்துச்சான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஒண்ணு 1-ஆம் தேதி, இன்னொண்ணு 2-ஆம் தேதி ஆரம்பிச்சா 1, 5, 9, 13னு ஒண்ணு ஒத்தப்படைலயே போகும், 2, 8, 14னு மத்தது ரெட்டப்படைலயே போகும், ஆயுசுக்கும் சேராது.