அடிக்கோடு போடச் சொல்லித் தருவது சரி, விடைப் பக்கம்தான் வில்லங்கம்

அக்கா பையன் ஆறாம் வகுப்பு. அவனுக்காக வாங்கிய இங்கிலீஷ் கிராமர் பயிற்சிப் புத்தகம் இது. ஒரு வாக்கியத்தில் ஆக்‌ஷன் வெர்ப் (செயலைச் சொல்லும் வினைச்சொல்) எது, டைரக்ட் ஆப்ஜெக்ட் (அந்தச் செயல் எதன் மேல் நடக்கிறதோ அது) எது என்று கண்டுபிடிப்பதற்கு மட்டுமே தனியாகப் போட்டிருக்கிறார்கள், விலை 120 ரூபாய். பதிப்பகத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே கோளாறை வேறு சில புத்தகங்களிலும் பார்த்துவிட்டேன்.

முதல் பாதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. வெர்புக்கு இரட்டைக் கோடு, ஆப்ஜெக்டுக்கு ஒற்றைக் கோடு, அவ்வளவுதான். 'த கேட் சேஸ்ட் த ரேட்' என்றால் சேஸ்ட் வெர்ப், எதைத் துரத்தியது என்று கேள், எலியை, ஆக ரேட்தான் ஆப்ஜெக்ட். தமிழில் எலியை என்று ஐ உருபு ஒட்டிக்கொண்டு வருவதால் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி சட்டென்று பிடிபடுகிறது, ஆனால் இங்கிலீஷில் உருபு கிடையாது, நிற்கிற இடம்தான் எல்லாம், இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் எலி பூனையைத் துரத்த ஆரம்பித்துவிடும் என்பதைப் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பாதிக்கு மேல்தான் சறுக்கல். கேள்வி கேட்கிற வேலையை விட்டுவிட்டு, வெர்புக்கு அடுத்து நவுன் வந்தால் அது ஆப்ஜெக்ட் என்று ஒரு குறுக்குவழியைக் கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள். விளைவு, 'ஷி பிகேம் எ டாக்டர்' வாக்கியத்தில் டாக்டரை டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று விடைப் பக்கமே சொல்கிறது! பிகேம் ஆக்‌ஷன் வெர்பே இல்லை, சப்ஜெக்டை (எழுவாயை) பின்னால் வரும் சொல்லோடு இணைக்க மட்டும் செய்கிற லிங்கிங் வெர்ப், அவளும் டாக்டரும் ஒரே ஆள். அதே மாதிரி 'ஹி ரேன் ஹோம்' என்பதில் ஹோம் எங்கே என்பதற்குத்தான் பதில், எதை என்பதற்கு இல்லை. 'ஹி ரேன் எ ஷாப்' என்றால் கதை வேறு, ஷாப் அசல் ஆப்ஜெக்ட். வெர்ப் ஒன்றுதான், வேலை மாறுகிறது, இந்த ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாலே பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் போயிருக்கும். டேஸ்ட் என்ற சொல்லும் அப்படித்தான், 'அம்மா டேஸ்டட் த சூப்' ஆக்‌ஷன், 'த சூப் டேஸ்டட் குட்' லிங்கிங். இதைப் பற்றி மூச்சே இல்லை.

இன்னொரு குறை, ஆக்‌ஷன் என்றாலே ஓடுவது, குதிப்பது, உதைப்பது மட்டும்தான் என்கிற மாதிரி படங்கள். ரிமெம்பர், நோ (know), லவ் எல்லாமும் ஆக்‌ஷன் வெர்ப் கணக்கில்தான் வரும், ஆப்ஜெக்டும் எடுக்கும், ஆனால் மனசுக்குள் நடப்பதைப் படம் போட முடியவில்லை போல.

கடைசியில் கோட்டுப்படம் என்று இரண்டே பக்கம். 1877-ல் அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இரண்டு ஆசிரியர்கள் கொண்டுவந்த முறை, படுக்கைக் கோட்டில் வாக்கியத்தை எழுதி, சப்ஜெக்டுக்கும் வெர்புக்கும் நடுவில் கோட்டை வெட்டிக்கொண்டு ஒரு செங்குத்துக் கோடு, வெர்புக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவில் வெட்டாமல் மேலே மட்டும் நிற்கிற கோடு. லிங்கிங் வெர்ப் என்றால் அந்தக் கோடு சப்ஜெக்ட் பக்கமாகச் சாய்ந்துவிடும். புத்தகத்திலேயே உருப்படியான பக்கங்கள் இவைதான், இதை முன்னாடியே வைத்திருந்தால் டாக்டர் விவகாரமே வந்திருக்காது.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருந்தால் வாங்கலாம், பிள்ளை கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். விடைகளைக் கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றாலும் வழியில்லை, கோட்டுப்படத்துக்குப் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.