தும்பை விதைப் பொட்டலம்: விதை நன்று, குறிப்பு தவறு

சிவகங்கைப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு முன்வாசலில், நாள் முழுவதும் வெயில் விழும் செம்மண் பாத்தி ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அதற்காகச் சென்ற புரட்டாசிக் கடைசியில், நாட்டு விதைகள் விற்கும் கடை ஒன்றில் 40 ரூபாய்க்குத் தும்பை விதைப் பொட்டலம் வாங்கினேன். வரப்பில் தானாக முளைக்கும் செடிக்குக் காசு கொடுப்பதா என்று வீட்டில் கேட்டார்கள். களைக்கொல்லி அடிக்கத் தொடங்கிய பிறகு எங்கள் ஊர் வரப்புகளில் தும்பையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விதையில் குறை சொல்ல இடமில்லை. எள்ளைவிடச் சிறுத்து, கரும்பழுப்பாக, தூசியோ வேறு விதையோ கலவாமல் இருந்தது. பொட்டலத்தில் அச்சிட்டிருந்த குறிப்புதான் தவறு. அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, தொழுவுரம் இட்டு, தினமும் இருவேளை நீர் ஊற்றச் சொல்கிறது. பாத்தியின் ஒரு பாதியில் அவ்வாறே செய்தேன். மறுபாதியில் விதையை மணலோடு கலந்து மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, வடகிழக்குப் பருவமழையின் பொறுப்பில் விட்டேன். தூவிய இடத்தில் பத்தாம் நாள் நெருக்கமாக முளைத்தது, ஒரு சாண் இடைவெளி விட்டு மீதி நாற்றுகளைப் பிடுங்கிவிட்டேன். ஊன்றிய இடத்தில் ஆங்காங்கே முளைத்த சிலவும் இலையாகத் தழைத்துச் சாய்ந்தனவே தவிர, பூக்கவில்லை என்றே சொல்லலாம்.

மார்கழியில் தூவிய பாதி முழுவதும் பூத்தது. நாற்பட்டைத் தண்டின் கணுக்களைச் சுற்றிப் பந்து பந்தாகப் பூக்கள். ஒவ்வொன்றிலும் கீழிதழ் அகன்று விரிய, மெல்லிய மயிர் போர்த்த சிறு மேலிதழ் மகரந்தத்தை மூடி நிற்கிறது. தேனீ கீழிதழில் அமர்ந்து தலையை உள்ளே நுழைக்கும்போது அதன் முதுகில் மகரந்தம் ஒட்டுவதைக் காலைதோறும் குனிந்து பார்த்தேன். மழை நின்ற பின் பத்து நாளுக்கு ஒருமுறை மட்டுமே நீர் விட்டேன், செடி வாடவில்லை.

தும்பை ஒரு பருவச் செடி என்பதையும் பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். தெரியாதவர்கள் பங்குனியில் அது காய்வதைக் கண்டு பட்டுப்போனதாக எண்ணிப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பூவின் அடியைச் சூழ்ந்திருக்கும் புல்லிக் குழல் காய்ந்த பின் ஒவ்வொன்றிலும் நான்கு விதைகள் வரை இருக்கும், காகிதத்தின்மேல் கவிழ்த்துத் தட்டினால் உதிரும். விதை சேகரித்த மாதத்தையும் கடைக்காரர் அச்சிட்டால் நல்லது. குறிப்பைப் பொருட்படுத்தாமல் விதைக்காக மட்டும் இதைத் தாராளமாக வாங்கலாம், அதுவும் ஒருமுறை வாங்கினால் போதும். வரும் புரட்டாசிக்கு என்னிடம் ஒரு தீப்பெட்டி நிறைய விதை இருக்கிறது.